பதிவான பத்திரங்களிலிருந்து வீட்டு விலைக் குறியீடு: பல்கலைக்கழக ரியல் எஸ்டேட் ஆய்வு மையத்தில் புதிதாகச் சேர்பவர்களுக்கான முழுமையான வழிகாட்டி

பல்கலைக்கழகத்தின் ரியல் எஸ்டேட் ஆய்வு மையம் ஒன்றில் கட்டுமான அனுமதிகளைத் தொகுப்பது, வாடகையைக் கணக்கெடுப்பது, கொள்கைக் குறிப்புகள் எழுதுவது என்று பல வேலைகள் நடக்கும். ஆனால் காலாண்டுக்கு ஒருமுறை வெளியாகும் விலைக் குறியீடு சரியாக இல்லையென்றால், அதன்மேல் எழுதப்படும் மற்ற எதற்கும் மதிப்பு இராது. ஆகவே இந்த வழிகாட்டி அந்த ஒரு வேலையை மட்டும், சென்னைப் பகுதியின் பதிவுத்துறைத் தரவை எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் வெளியீடு வரை விளக்குகிறது.

புள்ளியியல் மென்பொருளை இயக்கத் தெரிந்தவர்கள் இங்கே தடுமாறுவதில்லை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலும் தடுமாறுபவர்கள் அவர்கள்தான். தரவு கைக்கு வந்தவுடன் ரிக்ரஷன் (விலைக்கும் சொத்தின் பண்புகளுக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடும் முறை) ஓட்டிவிடுகிறார்கள். பத்திரத்தில் உள்ள தொகை எதைக் குறிக்கிறது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் எழுகிறது, அதற்குள் அறிக்கை பாதி எழுதப்பட்டிருக்கும். கீழே உள்ள வரிசை அதைத் தவிர்ப்பதற்காகவே அமைந்தது.

1. எந்த எல்லை, எந்தச் சொத்து, எந்த விலை என்பதை முதலில் எழுதுங்கள்

ஒரே ஒரு பக்கத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதி, மையத்தின் பொறுப்பாளரிடம் ஒப்புதல் பெற்ற பிறகே தரவைத் தொட வேண்டும். எந்தப் பகுதி, எந்த வகைச் சொத்து, எந்த விலை என்பவையே அந்த மூன்று.

எல்லை என்பது பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும். ஆனால் சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் திட்டப் பகுதியோ 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிவுபடுத்தப்பட்டு 2022இல் அரசாணை வந்தது. "சென்னை" என்று மட்டும் எழுதிவிட்டு அன்றன்றைய நிர்வாக எல்லையைப் பின்பற்றினால், மலிவான புறநகர் மனைகள் திடீரென்று உள்ளே வந்து குறியீட்டைக் கீழே இழுக்கும். விலை எங்கும் குறைந்திருக்காது. எனவே சார்பதிவாளர் அலுவலகங்களின் பட்டியலையும், அவற்றுக்கு உட்பட்ட கிராமங்களின் பட்டியலையும் எழுதி, அந்தப் பட்டியலை ஐந்தாண்டுகளுக்காவது மாற்றாமல் வைத்திருங்கள். சார்பதிவாளர் அலுவலகமே பிரிக்கப்பட்டுப் புதிய அலுவலகம் உருவாவதும் உண்டு என்பதால், கிராம அளவில் பட்டியல் இருப்பதே பாதுகாப்பானது.

சொத்து வகையில் காலி மனை, தனி வீடு, அடுக்ககக் குடியிருப்பு ஆகிய மூன்றையும் ஒரே குறியீட்டில் கலக்க வேண்டாம். மூன்றும் வெவ்வேறு வாங்குபவர்களின் சந்தைகள்; மூன்றின் தரவுக் குறைகளும் வெவ்வேறு. எந்த விலை என்ற மூன்றாவது கேள்வியை 5ஆம் படி விளக்குகிறது.

2. தொடங்குவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

தரவு கிடைக்கும் விதத்தைப் பொறுத்துத்தான் மையத்தின் வேலையே அமைகிறது. டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 1971இல் அம்மாநிலச் சட்டமன்றம் நிறுவிய ஆய்வு மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் செலவில் பெரும் பகுதி தரகர்களின் உரிமக் கட்டணத்திலிருந்து வருகிறது. டெக்சஸில் விற்பனை விலையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே அங்கே வீட்டு விலை ஆய்வு, தரகர் சங்கங்கள் பகிர்ந்துகொள்ளும் விற்பனைப் பட்டியல்களைச் சார்ந்து நிற்கிறது. நம் நிலை நேர் எதிரானது. இங்கே ஒவ்வொரு கிரையமும் பதிவாகிறது, தொகையும் எழுதப்படுகிறது, ஆனால் அந்தத் தொகை உண்மை விலையா என்பதுதான் கேள்வி. அங்கே எழுதப்பட்ட முறைகளை அப்படியே எடுத்து இங்கே பயன்படுத்தக் கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

வில்லங்கச் சான்றை இணையத்தில் ஒவ்வொரு சொத்துக்கும் தனித்தனியாகப் பார்க்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான ஆவணங்களுக்கு அது வழியல்ல. பதிவுத்துறைத் தலைவருக்குப் பல்கலைக்கழகப் பதிவாளர் கையொப்பத்துடன் முறையான கடிதம் அனுப்பி, மொத்தத் தரவுக்கு எழுத்துபூர்வமான அனுமதி பெற வேண்டும். தரவு அட்டவணையின் எந்தெந்தப் பத்திகள் (நெடுவரிசைகள்) தேவை என்பதைக் கடிதத்தில் பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஆவண எண், எழுதிக் கொடுத்த நாள், பதிவு நாள், ஆவணத்தின் தன்மை, கைமாற்றுத் தொகை (பத்திரத்தில் எழுதப்பட்ட விற்பனைத் தொகை), சந்தை மதிப்பு, முந்தைய ஆவண எண், சொத்தின் வகைப்பாடு, விஸ்தீர்ணம் (பரப்பளவு), புல எண் (சர்வே எண்), அட்டவணை விவரம். "விற்பனைத் தரவு வேண்டும்" என்று பொதுவாகக் கேட்டால் மாதாந்திர மொத்த எண்ணிக்கைதான் வரும்.

எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்கள் குடும்பப் பரிமாற்றங்களைக் கண்டறிய மட்டுமே தேவைப்படும். அந்த வேலை முடிந்தவுடன் பெயர்களுக்குப் பதில் அடையாள எண்களை இட்டு, மூலக் கோப்பைப் பூட்டிவிட வேண்டும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஆய்வுக்குச் சில விலக்குகள் தருகிறது என்பது உண்மையே. ஆனாலும் ஒருவர் எந்த வீட்டை என்ன தொகைக்கு வாங்கினார் என்பது உதவியாளர்களின் மடிக்கணினிகளில் சுற்றிக்கொண்டிருப்பதற்கு எந்தச் சட்டமும் சமாதானம் ஆகாது.

இவற்றோடு, 2012 முதல் இன்று வரையிலான வழிகாட்டி மதிப்புகளின் (முத்திரைத் தீர்வைக்காக அரசு நிர்ணயிக்கும் மதிப்புகள்) தெருவாரிப் பட்டியலும் வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் நடப்பு மதிப்பை எளிதில் பார்க்கலாம், பழையவற்றைச் சேகரிப்பதுதான் உழைப்பு. இந்தப் பட்டியல் இல்லாமல் 5ஆம் படியைச் செய்ய முடியாது.

3. ஆவண வகைகளைப் பிரித்தெடுங்கள்

பதிவேட்டில் இருப்பவற்றில் பெரும் பகுதி விற்பனையே அல்ல. தானம், செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம், பொது அதிகார ஆவணம், திருத்தல் பத்திரம், ரத்துப் பத்திரம், குத்தகை, அடமானம் எல்லாவற்றையும் நீக்கி, கிரையப் பத்திரங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை ஒப்பந்தம் கிரையம் அல்ல. அதைச் சேர்த்தால் அதே விற்பனை இருமுறை எண்ணப்படும்.

கிரையம் என்று இருப்பவற்றிலும் அண்ணன் தம்பிக்குள் நடந்த பெயரளவு விற்பனைகள் இருக்கும். எழுதிக் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே தந்தை பெயரையோ ஒரே முகவரியையோ கொண்டிருந்தால் அவற்றைத் தனியே ஒதுக்குங்கள். தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கம் இல்லாததால், வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும் "ஒரே குடும்பப் பெயர்" சோதனை இங்கே உதவாது.

புதியவர்கள் அதிகம் தவறவிடுவது வரிகளின் பெருக்கத்தை. ஒரே பத்திரத்தில் மூன்று புல எண்கள் இருந்தால், தரவில் அது மூன்று வரிகளாக வரும். ஒவ்வொரு வரியிலும் முழுக் கைமாற்றுத் தொகையும் திரும்ப எழுதப்பட்டிருக்கும். வரிகளை விற்பனைகள் என்று எண்ணிவிட்டால் எண்ணிக்கை மட்டுமல்ல, சதுர அடி விலையும் பல மடங்கு வீங்கிவிடும். அலுவலகம், ஆண்டு, ஆவண எண் ஆகிய மூன்றையும் இணைத்து ஒரு சாவி உருவாக்கி, அதன்படி வரிகளை ஒன்றுசேர்த்து, விஸ்தீர்ணங்களைக் கூட்டிய பின்னரே தொகையை வகுக்க வேண்டும்.

அடமான ஆவணங்களை நீக்கச் சொன்னேன். ஆனால் அழித்துவிட வேண்டாம். வங்கிக்கு உரிமை ஆவணங்களை ஒப்படைத்ததற்கான பதிவுகள் 5ஆம் படியில் மிகவும் பயன்படும்.

4. அளவுகளை ஒரே அலகுக்குக் கொண்டுவாருங்கள்

பத்திரங்களில் சதுர அடி, சதுர மீட்டர், சென்ட், கிரவுண்ட், ஏக்கர், ஹெக்டேர் எல்லாம் கலந்து வரும். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏக்கர் 100 சென்ட், அதாவது 43,560 சதுர அடி. ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. குழி, மா போன்ற அலகுகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், அவற்றை மாற்ற ஒரே வாய்பாட்டைப் பயன்படுத்தாமல் பட்டாவில் உள்ள மெட்ரிக் அளவோடு ஒப்பிடுங்கள்.

அலகைத் தவறாகப் படித்த வரிகளைக் கண்டுபிடிக்க எளிய வழி, சதுர அடி விலையை மடக்கை (log) அளவில் வரைந்து பார்ப்பதுதான். முதன்மைக் குவியலிலிருந்து ஏறத்தாழ 10.8 மடங்கு தள்ளி ஒரு சிறு குவியல் தெரிந்தால், அது சதுர மீட்டரைச் சதுர அடி என்று எடுத்துக்கொண்டதன் விளைவு. 436 மடங்கு தள்ளித் தெரிந்தால் சென்ட். இவற்றை விலகல் மதிப்புகள் என்று வெட்டி எறியாமல் திருத்துங்கள், ஏனெனில் இப்படிப்பட்ட வரிகள் குறிப்பிட்ட சில அலுவலகங்களில் குவிந்திருக்கும்; அவற்றை வெட்டினால் அந்தப் பகுதியே குறியீட்டிலிருந்து மறைந்துவிடும்.

5. பத்திரத் தொகை உண்மை விலையா என்று சோதியுங்கள்

முழு வேலையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. புதியவர்கள் மிக விரைவாகக் கடந்துபோகும் இடமும் இதுவே.

முதலில் ஒரு பத்திக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வில்லங்கச் சான்றில் "கைமாற்றுத் தொகை", "சந்தை மதிப்பு" என்று இரண்டு தொகைகள் இருக்கும். இரண்டாவதைச் சந்தையில் நிலவும் விலை என்று எண்ணி அதைக் கொண்டு குறியீடு கட்டுபவர்கள் உண்டு. அது முத்திரைத் தீர்வைக்காக எடுத்துக்கொள்ளப்பட்ட மதிப்பு. பெரும்பாலும் அரசின் வழிகாட்டி மதிப்பை ஒட்டியது. அதைக் கொண்டு கட்டிய குறியீடு, அரசு எப்போது வழிகாட்டி மதிப்பை மாற்றியது என்பதைத்தான் காட்டும்.

கைமாற்றுத் தொகையும் பழுதற்றது அல்ல. வழிகாட்டி மதிப்புக்குக் குறைவாக எழுதினால் இந்திய முத்திரைச் சட்டத்தின் 47ஏ பிரிவின்படி ஆவணம் மதிப்பு நிர்ணயத்துக்கு அனுப்பப்படலாம். அதற்கு மேல் எழுதினால் தீர்வையும் கட்டணமும் கூடும். ஆகவே சரியாக வழிகாட்டி மதிப்பையே எழுதிவிட்டு, எஞ்சியதை ரொக்கமாகக் கைமாற்றும் பழக்கம் ஊரறிந்தது. இதைக் குறை கூறுவது நம் வேலை அல்ல, எந்தப் பகுதியில் எவ்வளவு நடக்கிறது என்று அளப்பதே வேலை.

அதற்கு ஒவ்வொரு பத்திரத்துக்கும் கைமாற்றுத் தொகையை வழிகாட்டி மதிப்பால் வகுத்து ஒரு விகிதம் கணக்கிடுங்கள். அந்த விகிதங்களின் பரவலைத் தெருவாரியாகவும் ஆண்டுவாரியாகவும் வரைந்தால், 1.00இல் ஊசிபோல் ஒரு முனை எழுந்து நிற்பதைக் காணலாம். அந்த முனையில் நிற்கும் பத்திரங்கள் விலையைப் பற்றி எதுவுமே சொல்வதில்லை. ஒரு பகுதியில் பாதிக்கு மேற்பட்ட பத்திரங்கள் 0.98க்கும் 1.02க்கும் இடையில் இருந்தால், அந்தப் பகுதிக்கு அந்தக் காலாண்டில் பத்திரத் தொகையைக் கொண்டு விலை சொல்லக் கூடாது என்பது என் பரிந்துரை. பாதி என்ற எல்லை விவாதத்துக்கு உரியது. ஆனால் ஏதோ ஓர் எல்லையை முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும், முடிவைப் பார்த்த பிறகு எல்லையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அடுத்து, வழிகாட்டி மதிப்பு மாறிய நாள்களைக் காலவரிசையில் குறியுங்கள். 2017 ஜூன் 9 முதல் மாநிலம் முழுவதும் வழிகாட்டி மதிப்பு 33 சதவீதம் குறைக்கப்பட்டு, பதிவுக் கட்டணம் 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2023 ஏப்ரலில் மதிப்பு மீண்டும் 2017 ஜூனுக்கு முந்தைய நிலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கட்டணம் 2 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அது நீதிமன்றம் வரை சென்றது. பிறகு 2024 ஜூலை 1 முதல் திருத்திய மதிப்புகள் நடைமுறைக்கு வந்தன. இந்த நாள்களை ஒட்டி உங்கள் குறியீடு படிக்கட்டுபோல் ஏறினாலோ இறங்கினாலோ, அதைச் சந்தையின் அசைவு என்று எழுதுவதற்கு முன் பத்து முறை யோசியுங்கள்.

இங்கே ஒரு கணக்குப் பிழையும் அடிக்கடி நேர்கிறது. 100இலிருந்து 33 சதவீதம் குறைந்தால் 67. 67இலிருந்து மீண்டும் 100க்கு வருவது 33 சதவீத உயர்வு அல்ல, 49 சதவீதத்துக்கும் சற்று மேல். வழிகாட்டி மதிப்பிலேயே எழுதப்படும் பத்திரங்கள் நிறைந்த ஒரு தெருவில், உண்மை விலை ஒரு ரூபாய்கூட ஏறாமல் குறியீடு அந்த அளவுக்குத் தாவிவிடும்.

இப்போது ஒதுக்கி வைத்த அடமானப் பதிவுகளை எடுங்கள். கிரையம் பதிவான அதே நாளிலோ சில நாள்களுக்குள்ளோ அதே சொத்துக்கு வங்கியிடம் உரிமை ஆவணங்கள் ஒப்படைக்கப்பட்டிருந்தால், கடன் தொகை தெரியவரும். ரிசர்வ் வங்கி விதிகளின்படி சொத்து மதிப்பில் வங்கிகள் கொடுக்கக்கூடிய பங்கு, 30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதையும் தாண்டினால் 75 சதவீதம். பத்திரத்தில் 40 லட்சம் என்றும் கடன் 48 லட்சம் என்றும் இருந்தால், வங்கியின் மதிப்பீட்டாளர் கண்ட சொத்து மதிப்பு 60 லட்சத்துக்குக் குறையாது என்று கொள்ளலாம். வீடு கட்டுவதற்கும் சேர்த்து வாங்கிய கடன் இந்தக் கணக்கைக் குழப்பும் என்பதால், இந்தச் சோதனையைக் கட்டி முடித்த வீடுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. அடுக்ககங்களைத் தனியே நடத்துங்கள்

தமிழ்நாட்டில் புதிய அடுக்ககக் குடியிருப்பு வாங்கியவர்கள் நெடுங்காலமாக நிலத்தின் பிரிக்கப்படாத பங்கை மட்டும் கிரையமாகப் பதிவு செய்தார்கள். கட்டடத்துக்குக் கட்டுமான ஒப்பந்தம் தனியே போடப்பட்டது. ஆகவே பத்திரத்தில் உள்ள தொகை வீட்டின் விலை அல்ல, நிலப் பங்கின் விலை. அதே குடியிருப்பு சில ஆண்டுகள் கழித்து மறுவிற்பனைக்கு வரும்போது நிலமும் கட்டடமும் சேர்ந்து ஒரே கிரையமாகப் பதிவாகும். முதல் தொகைக்கும் இரண்டாவது தொகைக்கும் உள்ள வேறுபாட்டை விலை உயர்வு என்று எடுத்துக்கொண்டால் நகைப்புக்குரிய எண்கள் வரும். அப்படி வந்தும் யாரும் நகைக்காமல் அறிக்கையில் அச்சேறிவிடுவதுதான் வருத்தம்.

2023 டிசம்பர் 1 முதல் புதிய அடுக்ககங்களுக்கு நிலமும் கட்டடமும் சேர்ந்த கூட்டு மதிப்பில் கிரையம் பதியும் முறை வந்தது. 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4 சதவீதம், 50 லட்சம் முதல் 3 கோடி வரை 5 சதவீதம், அதற்கு மேல் 7 சதவீதம், இவற்றோடு 2 சதவீதப் பதிவுக் கட்டணம் என்று நிர்ணயிக்கப்பட்டது. ஆய்வாளருக்கு இதன் பொருள், புதிய அடுக்ககங்களின் வரிசை அந்த நாளில் முறிகிறது என்பதே. முறிவுக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை ஒட்டவைக்க முயல வேண்டாம். முந்தைய காலத்துக்கு மறுவிற்பனைக் குடியிருப்புகளை மட்டும் கொண்டு ஒரு வரிசை, 2024 முதல் புதியவற்றுக்குத் தனி வரிசை என்று இரண்டாக வெளியிடுவதே நேர்மையானது. 50 லட்சம், 3 கோடி ஆகிய இரண்டு எல்லைகளுக்குச் சற்றுக் கீழே பத்திரங்கள் குவிகின்றனவா என்பதையும் கூடவே பாருங்கள்.

பரப்பளவிலும் கவனம் வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் தரைவிரிப்புப் பரப்பை (வீட்டுக்குள் பயன்படுத்தக்கூடிய தளப் பரப்பு, அதாவது கார்பெட் ஏரியா) வரையறுத்து, விற்பனைக்கு அதையே அடிப்படையாக்கியது. ஆனால் விளம்பரங்களிலும் பேச்சு வழக்கிலும் பொதுப் பகுதிகளையும் சேர்த்த பரப்புதான் இன்றும் புழங்குகிறது. ஒரு பத்திரத்தில் எந்தப் பரப்பு எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாவிட்டால், திட்டத்தின் பதிவு எண்ணைக் கொண்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் தளத்தில் பார்த்து நிரப்ப வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மிகாத நிலத்தில் அமையும் திட்டங்களுக்கும், 8 குடியிருப்புகளுக்கு மிகாத திட்டங்களுக்கும் அந்தச் சட்டத்தில் பதிவு கட்டாயம் இல்லை என்பதால், மயிலாப்பூர், தியாகராய நகர் போன்ற பழைய பகுதிகளின் சிறு அடுக்ககங்களுக்கு இந்த வழியும் அடைபட்டிருக்கும். அவற்றுக்கு நேரில் சென்று அளவெடுத்த மாதிரிகளைத் தவிர வேறு வழி இல்லை.

7. எந்த நாளைக் கணக்கில் எடுப்பது

ஆவணம் எழுதிக் கொடுக்கப்பட்ட நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் பதிவுக்குத் தாக்கல் செய்ய 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் இடம் தருகிறது. விலை பேசி முடிந்தது எழுதிக் கொடுத்த நாளுக்கும் முன்பு. ஆகையால் எழுதிக் கொடுத்த நாளைப் பயன்படுத்துங்கள். அதற்கு விலையாக, கடைசிக் காலாண்டின் குறியீடு தாமதமாக வரும் பத்திரங்களால் பின்னர் சற்று மாறும் என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

பருவகாலத் திருத்தம் செய்யும்போது தமிழ் மாதங்களை மறந்துவிடக் கூடாது. ஆடியில் பதிவு குறையும். ஆவணியிலும் தையிலும் கூடும். ஆடி முழுவதும் ஜூலை–செப்டம்பர் காலாண்டுக்குள் அடங்கிவிடும், அதை அடுத்துவரும் ஆவணியும் அதே காலாண்டிலேயே வரும் என்பதால் காலாண்டு எண்ணிக்கையில் ஓரளவு சமன் ஆகிவிடும். மார்கழியோ டிசம்பர் பாதியிலும் ஜனவரி பாதியிலும் பிரிந்து நிற்கிறது. மாதாந்திர எண்ணிக்கையை வெளியிடும் மையங்கள் இதைக் கவனிக்காமல் ஜூலை மாதத்தில் "சந்தை சரிவு" என்று தலைப்பிடுவதைப் பார்க்கலாம்.

8. குறியீட்டைக் கணக்கிடும் முறையைத் தேர்ந்தெடுங்கள்

சராசரி விலை ஏன் போதாது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். ஒரு காலாண்டில் அண்ணா நகரில் சதுர அடி 15,000 ரூபாய் வீதம் 50 விற்பனைகளும், பெரும்பாக்கத்தில் 5,000 ரூபாய் வீதம் 50 விற்பனைகளும் நடந்தால் சராசரி 10,000. அடுத்த காலாண்டில் அதே விலைகளில் அண்ணா நகரில் 20, பெரும்பாக்கத்தில் 80 என்று நடந்தால் சராசரி 7,000. எந்தத் தெருவிலும் விலை குறையவில்லை; குறியீடு மட்டும் 30 சதவீதம் சரிந்துவிட்டது. இடைநிலை மதிப்பும் (விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) இந்தச் சிக்கலிலிருந்து தப்புவதில்லை.

குறைந்தபட்சமாகச் செய்ய வேண்டியது, ஒவ்வொரு சொத்து வகைக்கும் தனித்தனியாக, பகுதி வாரியாக அடுக்குகள் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் இடைநிலை விலையை எடுத்து, நிலையான எடைகளால் கூட்டுவது. தொடங்கும் மையத்துக்கு இதுவே ஏற்றது என்பேன். எளிதில் விளக்கலாம், பிழை எந்த அடுக்கில் என்று கண்டுபிடிக்கலாம். ஓர் அடுக்கில் 30 விற்பனைகளுக்குக் குறைவாக இருந்தால் அதைப் பக்கத்து அடுக்கோடு சேர்த்துவிடுங்கள்.

அடுத்த நிலை ஹெடோனிக் முறை. விலையின் மடக்கையைப் பரப்பு, கட்டடத்தின் வயது, தெரு அகலம், மெட்ரோ அல்லது புறநகர் ரயில் நிலையத்துக்கான தூரம் போன்ற பண்புகளோடு காலாண்டுக் குறிகளையும் (பத்திரம் எந்தக் காலாண்டைச் சேர்ந்தது என்று காட்டும் 0, 1 மதிப்புகள்) சேர்த்து ரிக்ரஷன் செய்வது. ரயில் நிலையத் தூரத்துக்கு நாள் முக்கியம்: சென்னை மெட்ரோவின் முதல் பகுதி 2015 ஜூனில் திறக்கப்பட்டது, அதற்கு முந்தைய பத்திரங்களுக்கு அந்த நிலையத்தை இருப்பதாகக் கொள்ளக் கூடாது. காலாண்டுக் குறியின் கெழு (ரிக்ரஷன் அதற்குத் தரும் எண்) 0.10 என்று வந்தால் உயர்வு 10 சதவீதம் அல்ல, 10.5 சதவீதம், கெழு பெரிதாகும்போது இந்த வேறுபாடும் வளரும் என்பதால், எப்போதும் மடக்கையை மீட்டெடுத்தே எழுத வேண்டும்.

ஒரே சொத்து இருமுறை விற்பனையானதை ஒப்பிடும் மறுவிற்பனை முறைக்கு "முந்தைய ஆவண எண்" பத்தி நல்ல கருவி. ஆனால் சென்னையின் பழைய பகுதிகளில் தனி வீடு இடிக்கப்பட்டு அடுக்ககமாக மாறுவது வாடிக்கை. புல எண் அதே, பொருள் வேறு. விஸ்தீர்ணமோ வகைப்பாடோ மாறிய இணைகளை முதலிலேயே நீக்குங்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் கைமாறியவையும் பெரும்பாலும் முதலீட்டாளர் விற்பனைகள் அல்லது வில்லங்கம் தீர்த்து விற்றவை என்பதால் அவற்றைத் தனியே பாருங்கள்.

சில காலாண்டுகளுக்கு எந்த முறையும் தனியாக உதவாது. 2016 செப்டம்பரில் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைச் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தது, இரண்டு மாதங்களில் பணமதிப்பு நீக்கம் வந்தது, 2020இல் ஊரடங்கு. இந்தக் காலங்களில் விற்பனையான சொத்துகளின் கலவையே வேறு. வரைபடத்தில் அந்தக் காலாண்டுகளை நிழலிட்டுக் காட்டுங்கள்.

9. பிற குறியீடுகளோடும் களத்தோடும் ஒப்பிடுங்கள்

ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீடும் பதிவுத் தரவையே பயன்படுத்துகிறது. நீண்ட காலம் 2010–11ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு சென்னை உள்ளிட்ட 10 நகரங்களுக்கு வெளிவந்தது. தேசிய வீட்டுவசதி வங்கி 2007இல் தொடங்கிய ரெசிடெக்ஸ் என்ற வீட்டு விலைக் குறியீடு, வங்கிகளின் மதிப்பீட்டுத் தொகைகளைச் சார்ந்தது. உங்கள் குறியீடு முதலாவதோடு ஒத்துப்போனால் மகிழ வேண்டாம், இரண்டுக்கும் ஒரே குறை இருக்கிறது. இரண்டாவதிலிருந்து விலகும் காலாண்டுகளைத்தான் ஆராய வேண்டும். வழிகாட்டி மதிப்பு மாறிய காலாண்டுகளில் விலகல் பெரிதாக இருந்தால், 5ஆம் படியில் எங்கோ தளர்வு இருக்கிறது.

இணையத்தில் விற்பனைக்கு வந்துள்ள வீடுகளின் கேட்பு விலை இன்னொரு சான்று. ஆனால் அது விற்பவரின் ஆசை. அதன் அளவை நம்பாமல் அதன் திசையை மட்டும் பாருங்கள். வங்கிகள் நடத்தும் ஏலங்களின் விலை எதிர்ப்பக்கம் சாயும், அவசர விற்பனை என்பதால்.

இவற்றோடு ஒவ்வொரு காலாண்டும் சில ஆவண எழுத்தர்களிடமும் வங்கி மதிப்பீட்டாளர்களிடமும் பேசுங்கள். விலை என்ன என்று கேட்காமல், உங்கள் பட்டியலில் உள்ள ஒரு தெருவைச் சொல்லி, அங்கே பத்திரத்தில் எழுதுவதற்கும் கைமாறுவதற்கும் இடைவெளி கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கு மட்டும் தயங்காமல் பதில் வரும்.

10. எழுதுதல், முன்காட்சி, திருத்தம்

வெளியீட்டு நாள்களை ஆண்டின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுங்கள். எண்கள் பிடிக்காதபோது தள்ளிப்போடும் சலனத்தை இது தடுக்கும். மையத்துக்கு நிதி தரும் கட்டுமான நிறுவனங்களோ சங்கங்களோ இருந்தால், அவர்களுக்கு அறிக்கையை முன்கூட்டிக் காட்டுவதில்லை என்பதை நிதி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். பின்னர் வாய்மொழியாகச் சொல்லிச் சமாளிக்க முடியாது.

அறிக்கையின் முதல் பக்கத்தில் குறியீட்டோடு மூன்று எண்கள் கட்டாயம் இருக்க வேண்டும்: பயன்படுத்திய பத்திரங்களின் எண்ணிக்கை, நீக்கியவற்றின் எண்ணிக்கை, வழிகாட்டி மதிப்பிலேயே எழுதப்பட்டவற்றின் பங்கு. மூன்றாவது எண்ணைப் பின்னிணைப்பில் ஒளிக்க வேண்டாம். செய்தியாளர்கள் அதைப் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்பார்கள். ஒருமுறை விளக்கினால் அடுத்த காலாண்டில் அவர்களே அதைக் கேட்பார்கள்.

"விலை உயர்ந்தது" என்று எழுதுவதற்கும் "பதிவான தொகை உயர்ந்தது" என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிக்கை முழுவதும் காப்பாற்றுங்கள். 5ஆம் படியின் எல்லையைத் தாண்டிய பகுதிகளுக்கு இரண்டாவது தொடரே பொருந்தும்.

தாமதமாகப் பதிவான பத்திரங்களுக்காக முந்தைய இரண்டு காலாண்டுகளை மட்டும் திருத்தி, அதற்கு முந்தையவற்றை மூடிவிடுங்கள். முறையையே மாற்ற நேர்ந்தால் பழைய முறையிலும் புதிய முறையிலும் நான்கு காலாண்டுகளுக்கு இணையாக வெளியிட வேண்டும். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் பயன்படுத்திய தரவின் நகலையும் நிரலையும் கிராமப் பட்டியலையும் நாளிட்டு ஒரே கோப்புறையில் பூட்டி வையுங்கள். ஆய்வு உதவியாளர்கள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் படிப்பு முடிந்து போய்விடுவார்கள், அடுத்து வருபவர் அந்தக் கோப்புறையை மட்டும் கொண்டு அதே எண்ணை மீண்டும் பெற முடிகிறதா என்று, பழையவர் இருக்கும்போதே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.